பதினேழாம் எண் வீடு

ஹிட்ச்காக் 1932இல் எடுத்த ‘நம்பர் செவன்டீன்’ படத்தை இரவில், விளக்கை அணைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். கதை பிடிபடவில்லையே என்று மனம் பரபரக்கும். அதை அப்படியே விட்டுவிடலாம்.

காற்றில் ஒரு தொப்பி உருண்டோடுகிறது. துரத்தி வந்தவர் ஆளில்லாத வீட்டின் வாசலில் அதை எடுக்கிறார். உள்ளே மெழுகுவர்த்தி வெளிச்சம் நகர்கிறது. நுழைகிறார். பிறகு ஏறக்குறைய பாதிப் படம் அந்த மாடிப்படியைச் சுற்றித்தான். கைப்பிடிக் கம்பிகளின் நிழல் சுவரில் நீண்டு கிடக்கிறது. ஆள் வரும் முன்பே அவருடைய நிழல் வந்து நிற்கிறது.

அங்கே ஒளிந்திருப்பவர் பென். கப்பலில் வேலை பார்த்து, இப்போது போக்கிடம் இல்லாதவர். படத்துக்கு மூலமான ஜெஃபர்சன் ஃபார்ஜனின் நாடகத்தில் பென்னாக மேடையேறிய லியான் எம். லயனே படத்திலும் பென். பயத்தில் அவர் குரல் உடைகிறது, முகம் கோணுகிறது. நமக்குச் சிரிப்பு வருகிறது. சற்று நேரம் கவனித்தால், அந்த வீட்டில் பயத்தை மறைக்காதவர் அவர் ஒருவர்தான் என்பது தெரியும். தொப்பியைத் துரத்தி வந்தவர் உண்மையில் துப்பறிவாளர், வேறு பெயரில் திரிகிறார். திருடர்களோடு வந்த, வாய் பேசாதவளாக இருந்த நோரா திடீரென்று பேசுகிறாள். ஒரு வைர மாலைக்காக அங்கே கூடும் திருடர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நடுங்குகிற பென்னை மட்டும் நம்பலாம் என்று தோன்றிவிடுகிறது.

வீட்டின் அடியிலிருந்து தண்டவாளத்துக்கு வழி போகிறது. திருடர்கள் சரக்கு ரயிலில் ஏற, துப்பறிவாளர் ஒரு பேருந்தை மடக்கி விரட்டுகிறார். விரையும் ரயிலும் பேருந்தும் பல காட்சிகளில் சிறு மாதிரிகள். பார்த்ததுமே தெரிந்துவிடும். எனக்கு அது குறையாகப் படவில்லை. மரமும் பாலமும் சாலை வளைவும் யாரோ பொறுமையாக உட்கார்ந்து கையால் செய்தவை. கடைசியில் ரயில் படகுத்துறையில் நிற்காமல் பாய்ந்து படகோடு மோதும்போது, பொம்மை என்று தெரிந்தும் உடம்பு பின்னால் சாய்கிறது. தெரிந்தே பயப்படுவதில் ஒரு நிம்மதி உண்டு.

பின்னாளில் பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவிடம் பேசும்போது ஹிட்ச்காக் இந்தப் படத்தைப் படுதோல்வி என்று ஒதுக்கிவிட்டார். கதை சிக்கிக் கிடப்பது உண்மைதான். ஆனால் மனத்தில் தங்குவது கதையல்ல, அந்தப் படிக்கட்டு.

அப்புறம் பென். எல்லோரும் தேடி அலைந்த வைர மாலை கடைசியில் அவர் கழுத்தில்தான் இருக்கிறது. எவரும் பொருட்படுத்தாத அந்த மனிதர் அதை எடுத்துக் காட்டும்போது முகத்தில் பயத்தின் சுவடே இல்லை.