கேட்டலும் இம்சையாகுமோ?

சொல்லுதலில் ஒழுக்கம் வேண்டும் என்பதை நம் அறநூல்கள் பலபட வலியுறுத்துகின்றன. ஐந்து சமிதிகளுள் பாஷா சமிதி ஒன்று. அணுவிரதங்களுள் வாய்மை ஒன்று. கேட்பவர்க்கும் இத்தகைய கடமை உண்டோ என்னும் வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. செவி திறந்தே இருக்கிறது, ஒலி தானே வந்து விழுகிறது, அதில் நம் செயல் யாது என்று எண்ணிவிடுகிறோம். அவ்வெண்ணம் பொருந்தாது என்பது எம் கருத்து.

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் முதல் அத்தியாயத்தில் மதிஞானத்தை நான்கு படிகளாகப் பகுத்தருளினார். ஏதோ ஒன்று புலனாகிறது என்னும் அளவிலான முதற்பற்று அவக்கிரகம். இன்னதாக இருக்கலாமோ என ஆராய முனைவது ஈஹா. இன்னதே எனத் துணிவது அவாயம். துணிந்ததை மறவாது நிறுத்துவது தாரணை. ஒலி செவியிற் பட்டவுடன் அறிவாகிவிடுவதில்லை என்பதற்குப் பூஜ்யபாதர் சர்வார்த்தசித்தியில் தரும் உவமை எளியது: புதிய மண் அகலில் இரண்டு மூன்று துளி நீர் விழுந்தால் அகல் நனைவதில்லை, மேன்மேலும் விழ, மெல்ல நனையும்.

இக்கால ஆய்வாளர் கண்டதும் இதற்கு அணுக்கமாகவே உள்ளது. 1970இல் ரிச்சர்டு வாரன் என்னும் அமெரிக்க உளவியலார், பதிவு செய்த வாக்கியத்தில் ஒரு சொல்லின் நடுவிலிருந்த ஒலியை அறவே நீக்கி, அவ்விடத்தில் இருமலொலியை வைத்தார். கேட்டவர்களுக்குச் சொல் குறைவின்றியே ஒலித்தது. செவி தராததை மனம் தந்துவிட்டது.

பழகிய மொழியும் செவியைச் செதுக்குகிறது. கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்டு டீஸ் ஆகியோர் 1984இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6 முதல் 8 மாதப் பருவத்தில் இந்தியின் த, ட வேறுபாட்டை உணர்கின்றன. ஓராண்டு நிறைவதற்குள் அத்திறம் பெரிதும் குன்றிவிடுகிறது. சான்று தேடி நாம் அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இராசபாளையத்தில் ராஜுக்களின் வீட்டுமொழி தெலுங்கு. அம்மொழியில் வலிந்த பகரமும் மெலிந்த பகரமும் தனித்தனி எழுத்துகள். 'பம்பரம்' என்னும் சொல்லில் நமக்கு ஒரே பகரம் இருமுறை வருகிறது. அவ்வீட்டுப் பிள்ளைக்கோ அவை இரு வேறு ஒலிகள். தீவினையாகிய பாவத்தையும் உள்ளக் கருத்தாகிய பாவத்தையும் நாம் ஒன்றுபோலவே எழுதி, முன்பின் சொற்களைக் கொண்டே பொருள் பிரிக்கிறோம். (இரண்டும் அடுத்தடுத்து வரும் சொற்பொழிவில் முன்வரிசையினரே திகைப்பதைக் கண்டிருக்கிறோம்!)

இங்ஙனம் எதிர்பார்ப்பே சொல்லை நிறைவு செய்கிறது என்றால், அவ்வெதிர்பார்ப்பு தூயதோ என்பது அறத்தின் வினாவாகிவிடுகிறது. இராசபாளையத்திற்கு அண்மையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ளது செண்பகத்தோப்பு. 1988இல் சாம்பல் நிற அணில்களுக்கெனச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2021இல் புலிகள் காப்பகமாகவும் ஆன காடு அங்கே தொடங்குகிறது. பளியர் குடியிருப்பு உண்டு. காட்டுக் கிழங்கும் தேனும் அம்மக்களின் பழைய உணவு. யாம் ஆசிரியப் பயிற்சி அளித்து வந்த நாளில், அம்மலையடிவாரப் பள்ளி ஒன்றில் கற்பித்தல் பயிற்சி பெற்ற மாணவி ஒருத்தி, பளியர் சிறுமியிடம் காலையில் என்ன உண்டாய் என்று வினவினாள். வெளியே மழை, மேலே தகரக் கூரை. சிறுமி 'வள்ளி' என்றாள், வள்ளிக்கிழங்கைக் கருதி. இவள் செவிக்கு அது 'பல்லி' ஆயிற்று. "பல்லியா?" என உரக்கக் கேட்கவே வகுப்பு முழுதும் சிரித்தது. அதன்பின் பல நாள் அச்சிறுமி வாய் திறக்கவில்லை.

மழையிரைச்சலில் அவக்கிரகம் தெளிவற்றிருந்தது குற்றமன்று. ஆயின் ஊர்ப்பிள்ளை ஒன்று அதே மழையில் அதே சொல்லைச் சொல்லியிருப்பின் பல்லி என்று கேட்டிருக்குமா? கேட்டிராது என்பதே எம் துணிபு. காட்டில் வாழ்வோர் எதையும் உண்பர் என்ற நினைப்பு, விடுபட்ட ஒலியின் இடத்தை நிரப்பிற்று. ஈஹா நிற்க வேண்டிய இடத்தில் முன்முடிவு நின்றது. அருகே சென்று "கிழங்கா, அம்மா?" என்று வினவ எத்துணை நேரமாகும்!

இம்சைக்கு இலக்கணம் வகுக்கும் சூத்திரம், பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு நேர்வதையே இம்சை என்கிறது. கவனத்தோடு நடப்பவரையும் கவனமின்றி மிதிப்பவரையும் நம் ஆசாரியர்கள் ஒன்றாக வைத்ததில்லை. அவ்வளவுகோல் செவிக்கும் பொருந்தும். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி ஆராய்ந்தால் உரையாடலே நடவாதே என அன்பர்கள் கேட்கலாம். உண்மை, நிரப்பிக் கேட்பது மனத்தின் இயல்பு. பிறரை இழிவாக்கும் பொருளொன்று செவியில் விழும்போதாவது ஒருமுறை நின்று வினவுக என்பதே எம் வேண்டுகோள்.

எழுபதைக் கடந்த எமக்கு இது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியன்று. முதுமையில் செவியினின்று முதலில் நழுவுவன உச்ச ஒலிகள். உயிரொலி கேட்கிறது; சகரம் முதலான மெய்கள் மங்கிவிடுகின்றன. ஆகவே பாதிச் சொல்லை ஊகித்தே கேட்கிறோம். மறுமுறை வினவினால் வீட்டுப் பிள்ளைகள் "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்று நகர்ந்துவிடுகின்றனர். அறைக்கு வெளியே நின்று உரக்கக் கூவுவதினும், எதிரே வந்து முகம் தெரிய நிறுத்திச் சொல்வது நன்று. உதட்டசைவு செவிக்குப் பெருந்துணை.