பல கைகளின் தையல்

பிறர் தைத்து அனுப்பும் சதுரத் துணிகளைச் சேர்த்துத் திண்டு தைத்துக்கொண்டிருக்கிறேன். கொச்சியில் காக்கநாட்டு அடுக்குமாடி வீடுகளிலிருந்து வருகின்றன, மட்டாஞ்சேரியிலிருந்தும் வருகின்றன. ஒன்றில் சங்கிலித் தையல், ஒன்றில் காம்புத் தையல், இன்னொன்றில் வெறும் ஓட்டுத் தையல். தைத்து முடித்தவை எழுந்து நடமாட முடியாமல் வீட்டிலேயே படுத்திருப்பவர்களுக்குப் போகும். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் சிறிதாகத் தொடங்கிய வலி தணிப்புச் சேவை, இன்று கேரளம் முழுக்கச் செவிலியரும் தன்னார்வலரும் வீடு தேடி வரும் வழக்கமாக வளர்ந்திருக்கிறது. அவர்கள் போகும் வீடுகளில் ஒரு நல்ல திண்டுக்கு எப்போதும் வேலை இருக்கிறது.

*

தமிழ்நாட்டில் தையல் லோயர், ஹையர் தேர்வுக்குப் படித்த பெண்களின் வீட்டில் ஒரு தடித்த நோட்டு இருக்கும். ஒரு பக்கத்தில் காஜா, ஒரு பக்கத்தில் கொசுவம், ஒரு பக்கத்தில் ஒட்டுப் போட்டுக் காட்டிய துண்டு. தேர்வு முடிந்ததும் அது டிரங்குப் பெட்டிக்குப் போய்விடும். தூக்கி எறியவும் மனம் வராது. பழகுவதற்குத் தைத்தது எதற்கும் உதவாது என்று நாமாகவே முடிவு கட்டிவிட்டோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு தையலை முதன்முதலில் படிக்கும் கை அவசரப்படாது. ஊசி போகும் இடத்தையும் வரும் இடத்தையும் பார்த்துப் பார்த்து வைக்கும். அந்தப் பொறுமை துண்டிலேயே தங்கிவிடுகிறது. திண்டுக்கு ஒரு சதுரமாக அது போதும்.

*

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் சாரா கோஹன் கைத்தையல் கடை வைத்திருந்தார். யூதர்களின் ஓய்வுநாளான சப்பாத்தில் ரொட்டியை மூடும் துணி, ஆண்கள் தலையில் வைக்கும் கிப்பா எல்லாம் அங்கே ஊசியும் நூலுமாக உருவாயின. 2019 ஆகஸ்டில், 96 வயதில் மறைந்தார். முதுமையில் அவரைப் பார்த்துக்கொண்டதும் கடையைக் கவனித்ததும் தாஹா இப்ராஹிம் என்ற முஸ்லிம். ஒரு யூத மூதாட்டியின் தொழிலை இப்படி இன்னொரு மதத்துக் கை தாங்கிப் பிடித்ததை இந்தத் தெரு பார்த்திருக்கிறது. அங்கிருந்து ஒரு சதுரம் வரும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

*

2018 ஆகஸ்டில் கேரளத்தில் வந்த வெள்ளம், ஓணத்துக்காக நெய்து அடுக்கியிருந்த சேந்தமங்கலம் கைத்தறியைச் சேற்றில் அமிழ்த்தியது. விற்றிருந்தால் 1,300, 1,500 ரூபாய்க்குப் போயிருக்க வேண்டிய சேலைகள். லட்சுமி மேனன், கோபிநாத் பாறயில் என்ற இருவர் அந்தத் துணியைச் சுத்தம் செய்து, கிருமி நீக்கி, சிறு துண்டுகளாக வெட்டி, சேக்குட்டி என்ற பொம்மைகளாக்கும் முயற்சியைத் தொடங்கினார்கள். ஒரு சேலைக்கு 360 பொம்மைகள். ஒன்று 25 ரூபாய் என்றால் மொத்தம் 9,000 ரூபாய். வரவு நெசவாளர்களுக்கு. மாணவர்களும் அலுவலகம் போகிறவர்களும் உட்கார்ந்து செய்தார்கள். இரண்டு பொம்மைகள் ஒன்றுபோல் இருக்கவில்லை. கறையும் அப்படியே தெரிந்தது, அதை யாரும் மறைக்கவில்லை. மக்கள் விரும்பித்தான் வாங்கினார்கள்.

2020இல் அதே லட்சுமி மேனன், கொரோனா பாதுகாப்பு உடை தைத்த இடங்களில் மிஞ்சிய துண்டுகளைச் சடையாகப் பின்னிப் படுக்கையாக்கினார். சய்யா என்று பெயர். அதற்கு ஊசியும் வேண்டாம், நூலும் வேண்டாம்.

*

கடல் கடந்தும் ஒரு கதை உண்டு. 1942இல் சிங்கப்பூரின் சாங்கி சிறையில் ஜப்பானியர் அடைத்து வைத்த பெண்கள் மூன்று மெத்தை விரிப்புகள் தைத்தார்கள். எத்தல் முல்வானி என்ற கனடாப் பெண்மணியின் யோசனை அது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு வெள்ளைச் சதுரம். உன்னைப் பற்றி ஏதாவது தை என்பதுதான் பணி. ஒரு விரிப்புக்கு 66 சதுரங்கள். காயம்பட்டு மருத்துவமனையில் கிடந்த பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஒன்று, ஆஸ்திரேலியருக்கு ஒன்று, ஜப்பானியருக்கு ஒன்று. இரண்டு இன்று கான்பெராவின் போர் நினைவகத்தில் இருக்கின்றன. சதுரத்தில் தைத்த பெயரைப் பார்த்து, மனைவி உயிரோடிருக்கிறாள் என்று கணவன் தெரிந்துகொள்ள வழி பிறந்தது. காவல் காத்தவர்கள் தரப்பில் காயம்பட்டவர்களுக்கும் ஒன்று தைத்தார்களே, அதற்கு என்ன காரணம் சொன்னாலும் என் மனம் அங்கேயே நின்றுவிடுகிறது.

*

இணைத்துத் தைப்பவருக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும். அடுத்தவர் தையலைப் பிரித்துத் திருத்தக் கூடாது. கோணல் கோணலாகவே இருக்கட்டும்.

ஆனால் படுத்திருப்பவரின் தோலுக்கு முன்னால் எந்தச் சலுகையும் கிடையாது. மாதக்கணக்கில் படுத்தவருக்கு ஒரு முடிச்சு போதும், தோல் சிவந்துவிடும். அதனால் பூவேலை ஒரு பக்கம் மட்டும்தான். உடம்பு படும் பக்கம் பழகிய மெல்லிய பருத்தி. ஜரிகை, பாசிமணி, பொத்தான், ஜிப் எதுவும் ஆகாது. சதுரங்களின் பின்புறம் ஒரு உள்துணி வைத்துத் தைத்தால் முடிச்சுகள் உள்ளேயே அடங்கிவிடும். இணைப்புக்குப் பின்தையல்தான் என் தேர்வு. ஓட்டுத் தையலில் ஒரு இழை அறுந்தால் வரிசையே பிரிந்துவிடும்.

தைப்பதற்கு முன் துணியைத் துவைத்துக் காய வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு சதுரமும் ஒவ்வொரு அளவில் சுருங்கும். உள்ளே அடைக்க எனக்குப் பிடித்தது இலவம் பஞ்சுதான். ஆனால் நனைந்தால் கட்டி தட்டும். சிறுநீர் கட்டுப்படாதவருக்குத் துவைக்கத்தக்க செயற்கைப் பஞ்சு அடைத்து, உறையைத் தனியாகக் கழற்றும்படி தைப்பதே நியாயம்.

குதிகால் படுக்கையில் அழுந்தாமலிருக்கக் கெண்டைக்காலுக்கு அடியில் நீளமான திண்டு. ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. நடுவில் ஓட்டை விட்ட வளையத் திண்டு பார்க்க வசதிபோலத் தோன்றும், ஓரத்தில் ரத்த ஓட்டத்தை அழுத்துவதால் செவிலியர் வேண்டாம் என்பார்கள். எந்தத் திண்டு இருந்தாலும் நேரம் பார்த்துத் திருப்பிப் படுக்க வைக்க ஒரு மனிதர் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

*

பெட்டியில் தையல் நோட்டு வைத்திருப்பவர்கள் அதை ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். உங்கள் ஊர் வலி தணிப்பு மையத்தில் என்ன அளவுத் திண்டு தேவை என்று முதலில் கேளுங்கள். கேட்ட பிறகு தைக்கத் தொடங்குங்கள்.