இஸ்திரி வண்டிக்காரம்மாவுக்குத் தெரிந்தது

சென்னை மந்தைவெளியில் எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அம்மாவுக்கு, மழை பிடித்தால் எந்த மேன்ஹோல் முதலில் பொங்கும் என்று தெரியும். ரோடு போட்டபோது வடிகாலின் வாய் ஒன்று தாரில் மூடிப்போனதைக் கண்ணால் பார்த்தவர் அவர். வேலை பார்க்க வந்தவர்கள் யாரும் அவரைக் கேட்கவில்லை. அவரும் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. இத்தனைக்கும் கையில் ஸ்மார்ட்போன் இருக்கிறது, ஊரில் உள்ள மகளுக்கு நாள் முழுக்க வாய்ஸ் மெசேஜ் போடுகிறவர்தான்.

ஜனங்களுக்கு அக்கறை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. 2015 நவம்பர், டிசம்பர் மழையில் சென்னை மூழ்கியபோது, அருண் கணேஷ் என்பவர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து இணையத்தில் ஒரு வெள்ள வரைபடம் உருவாக்கினார். தண்ணீர் நிற்கும் தெருவை யார் வேண்டுமானாலும் தொட்டுக் குறிக்கலாம். ஆயிரக்கணக்கான தெருக்களைக் குறித்தார்கள். பரிசு கிடையாது, சான்றிதழ் கிடையாது. தான் குறித்த தெரு வரைபடத்தில் தெரிந்தது, அதைப் பார்த்து முன்பின் அறியாத ஒருவர் வண்டியை வேறு வழியில் திருப்பிக்கொள்ளலாம். சொன்னதற்குப் பலன் உண்டு என்று புரிந்தது, சொன்னார்கள்.

அரசுக்கு மட்டும் ஏன் சொல்ல மாட்டேன் என்கிறோம்? மாநகராட்சியின் 1913 என்ற புகார் எண் இருக்கிறது, நம்ம சென்னை செயலி இருக்கிறது. குப்பைக்கும் தெருவிளக்குக்கும் நானே பயன்படுத்துகிறேன். ஆனால் அவை புகாருக்கானவை. தி.நகரில் ஒரு தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று சொல்லலாம். அதை மாம்பலம் கால்வாய்க்குப் போகவிடாமல் எந்த இடத்தில் எது தடுக்கிறது என்று முப்பது வருஷமாகப் பார்த்துவருபவர் விளக்கிச் சொல்ல, செயலியின் புகார்ப் பட்டியலில் எதை அழுத்துவார்?

கருத்துக் கேட்கும்போதும் யாரை மனதில் வைத்துக் கேட்கிறார்கள் என்பது முக்கியம். 2022-இல் சென்னைக்கான காலநிலைச் செயல்திட்ட வரைவு முதலில் ஆங்கிலத்தில் மட்டுமே வந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகுதான் தமிழில் வெளியிட்டார்கள். கடல் கரையை எங்கே அரிக்கிறது என்று ஊரூர் குப்பத்து மீனவரைவிட அறிந்தவர் யார்? அவருக்குத் தமிழ்ப் பிரதி தாமதமாகத்தான் கிடைக்கும் என்றால், தான் சொல்வது தேவையில்லை என்றுதானே அவர் எடுத்துக்கொள்வார்?

எனக்குத் தோன்றுவது எளிமையான ஒன்று. தமிழில் பேசி அனுப்ப ஒரு எண் இருக்கட்டும். அனுப்பியவருக்கு வார்டு உதவிப் பொறியாளரிடமிருந்து நாலு வரி பதில் வரட்டும்: நீங்கள் சொன்ன இடத்தைத் தோண்டிப் பார்த்தோம், அடைப்பு இருந்தது, எடுத்துவிட்டோம். அல்லது, மட்டம் சரியில்லை, இந்த வருஷம் முடியாது. முடியாது என்று காரணத்தோடு சொன்னால்கூட, அடுத்த மழையில் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து மறுபடியும் அனுப்புவேன்.