கொல்லிப்பாவையும் காவற்பொறியின் பழியும்

கொல்லிப்பாவை என்பது நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையைக் காப்பதாகச் சொல்லப்படும் பெண்ணுருவப் பொறி. மலையில் தவம் செய்த முனிவர்களுக்குக் காவலாகத் தேவர்கள் அதை நிறுத்தினர் என்பது கதை. அரக்கர் வாடை பட்டால் பாவை நகைக்கும். அந்த நகையில் மயங்கி நெருங்குபவன் உயிர்போவான். மலைமக்கள் எட்டுக்கை அம்மனாக வழிபடுவது இந்தப் பாவையைத்தான் என்பர்.

குறுந்தொகையின் 89ஆம் பாட்டில் பரணர் காட்டுவது தெய்வம் எழுதிய பாவை. நற்றிணை 201இல் அது காற்றும் மழையும் இடியும் நிலநடுக்கமும் சிதைக்க முடியாத வடிவம். இவ்விரு பாடல்களிலும் பாவை யாரையும் கொல்வதில்லை. தலைவிக்கு உவமையாக நிற்கிறது. நற்றிணையில் மலையைக் காப்பதும் தனியே ஒரு தெய்வம். பாவையையும் காவலையும் ஒன்றாக்கியது பின்வந்த கதைமரபு. அறச்சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

இன்றைய வீட்டு அலாரமும் ஒரு காவற்பொறிதான்; ஆனால் அதை அணைக்க வழி உண்டு. உள்ளே வருபவர் சில நொடிகளுக்குள் ரகசிய எண்ணை அழுத்தினால் அது அடங்கும். வெளியே போகும்போது மறுபடி போட்டுக்கொள்ளலாம். எண் தெரிந்த திருடன் அதற்கு வீட்டுக்காரன்; எண்ணை மறந்த தாத்தா திருடன். ஆனாலும் அது கத்துவதோடு நின்றுவிடுகிறது. வந்தவர் யார் என்று பார்த்துத் தீர்மானிக்க ஓர் ஆள் வரவேண்டும். கொல்லிப்பாவை அந்த ஆளுக்காகக் காத்திருப்பதில்லை. அதை அடக்கும் வழியையும் கதை சொல்வதில்லை.

சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரக் காவல்களில் சில இதைவிட நிதானமானவை. வெள்ளிடை மன்றத்தில் பொதிகள் ஆள்காவல் இல்லாமல் கிடக்கும்; திருட வந்தவன் தலையில் சுமை கடுக்கச் சுற்றிக்கொண்டே இருப்பான், வெளியே கொண்டுபோக முடியாது. அவன் உயிருக்கு ஆபத்தில்லை. பாவை மன்றத்துப் பாவை, அரசனின் கோல் கோடினால் வாய் பேசாமல் கண்ணீர் விடும். மேற்கொண்டு செய்யவேண்டியது மனிதர் பொறுப்பு.

பொறி கொன்றால் பழி யாருக்கு? உமாசுவாதியின் சமண நூலான தத்துவார்த்த சூத்திரம், வினை வந்து சேர இடமாகும் உயிரற்றவற்றின் கணக்கில் செய்தல், வைத்தல், சேர்த்தல், ஏவுதல் என நான்கைச் சொல்கிறது. கொல்லும் கருவியைச் செய்து, ஓரிடத்தில் வைத்துவிட்டு நகர்ந்தவனையும் இந்தக் கணக்கு விடாது. பாவைக்கு வினை இல்லை. நிறுத்தியவர் தேவரே ஆனாலும் அவர்களுக்கு உண்டு. அரக்கன் கெட்டவன்தானே என்ற சமாதானம் சமண நோக்கில் செல்லாது.

பொறியை அடக்குவது பற்றிய விரிவான கதை பௌத்தத்தில் இருக்கிறது. 5ஆம் நூற்றாண்டில் இலங்கையில் புத்தகோசர் எழுதிய சுமங்கலவிலாசினி என்ற உரையின்படி, மன்னன் அசாதசத்து புத்தரின் தாதுக்களை (உடல் எச்சங்களை) நிலத்தடி அறையில் வைத்தான். தேவர் தலைவன் சக்கனின் ஏவலால் தேவதச்சன் விசுவகர்மா அங்கே வாட்பொறி ஒன்றை அமைத்தான். மர உருவங்கள் பளிங்குநிற வாளேந்திக் காற்றுவேகத்தில் சுழலும். எல்லாம் ஒரே ஆணியில் பிணைந்தவை. பிற்காலத்தில் அசோகர் அறையைத் திறந்தபோது உள்ளே நுழைய வழியில்லை. நாட்டுப்புறச் சிறுவன் வேடத்தில் விசுவகர்மாவே வந்து, அகற்றட்டுமா என்று அரசரைக் கேட்டு, அவர் சரி என்றதும் பொருத்துவாயைப் பார்த்து ஓர் அம்பு விட்டான். பொறி சிதறியது.

பூட்டியவனே அவிழ்க்க வருகிறான் என்பதில் மேலே சொன்ன பழிக்கணக்குக்கும் ஒரு பதில் உண்டு: காவலை அமைத்தவன் அதைவிட்டு நகர்ந்துவிடவில்லை. உரிமை யாருக்கு என்பதும் முன்பே முடிவானது. பியதாசன் என்ற அரசகுமாரன் பிற்காலத்தில் அசோகராகி இந்தத் தாதுக்களைப் பரப்புவான் என்று அறைக்குள் இருந்த பொற்றகடு சொன்னது. அசோகர் வழிபாட்டுக்கென்று கொஞ்சம் தாதுக்களை அங்கேயே விட்டு, அறையை முன்போல மூடி, மேலே கல்தூபி எழுப்பினார். வாட்பொறியைத் திரும்பப் பூட்டியதாக உரை சொல்லவில்லை.