கண்டதும் நிரப்பியதும்

பாய்ந்தோடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் நிலத்தை விட்டு எழுவதுண்டா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது தீராத வாதமாக இருந்தது. ஓவியர் பலரும் முன்னங்கால்களை முன்னும் பின்னங்கால்களைப் பின்னும் நீட்டிப் பறக்கும் குதிரையையே தீட்டி வந்தனர். 1878 ஜூன் மாதத்தில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பவர் ஓட்டப் பாதையோரமாக 12 புகைப்படக் கருவிகளை வரிசையாக நிறுத்தினார். குறுக்கே கட்டிய நூல்களைக் குதிரை அறுத்துச் செல்லச் செல்ல, கருவிகள் ஒவ்வொன்றாகப் படமெடுத்தன. கால்கள் நான்கும் எழுவது மெய்யே. ஆனால் அவை நீண்டிருக்கும்போதன்று, வயிற்றின் அடியில் மடங்கிக் கூடும்போது!

எனினும் அந்தக் கருவிகள் அனைத்தும் ஒரே பக்கத்தில் நின்றன. ஒரு படம், பொருள் இருக்கும் திசையைச் சொல்லும். அதன் தொலைவைச் சொல்லாது. வேறோர் இடத்தினின்று மற்றொரு கருவியும் அதையே நோக்கும்போதுதான், இரு பார்வைக் கோடுகளும் சந்திக்கும் இடம் புலனாகிறது; ஆழம் தெரிகிறது. விரைந்து அசையும் பொருளாயின், இரண்டும் ஒரே கணத்தைக் கண்டிருக்கவும் வேண்டும். ஒன்று சற்றே பிந்தினாலும் கணக்குப் பிழையாகிவிடும்.

1999-இல் வெளிவந்த 'தி மேட்ரிக்ஸ்' திரைப்படத்தில், நடிகரைச் சுற்றி ஏறத்தாழ 120 புகைப்படக் கருவிகளை நிறுத்தி ஒரு நொடியின் அசைவைப் பதிவு செய்தனர். கருவிகளுக்கு இடைப்பட்ட தோற்றங்களைக் கணிப்பொறி நிரப்பியது. இன்றோ, சில சாதாரணக் கருவிகளின் படங்களைக் கொண்டே அசையும் மனிதரின் முப்பரிமாண வடிவத்தைச் சமைக்கின்றனர். எந்தக் கருவியும் காணாத பகுதியையும் கணிப்பொறி ஊகித்து வரைந்துவிடுகிறது. பார்ப்பவருக்கு வேறுபாடு தெரிவதில்லை.

இங்கேதான் நம் வினா எழுகிறது. ஊகம் தவறா? அன்று. ஊகமின்றி ஒரு நாளும் நாம் வாழ இயலாது. கண்டதையும் ஊகித்ததையும் ஒரே வண்ணத்தில் தீட்டி, அனைத்தும் கண்டதே எனச் சாதிப்பதுதான் தவறு.

நாமும் இப்பிழையைச் செய்ததுண்டு. பல ஆண்டுகளுக்கு முன் கணவர் ஒருவர் நம்மிடம் வந்து முறையிட்டார். அவர் சொன்னதில் பொய்யில்லை. சொல்லாததை நாமே நிரப்பிக்கொண்டு, அவர்தம் மனைவியைக் கடிந்துகொண்டோம். அந்த அம்மையார் மறுமொழி கூறாமல் எழுந்து சென்றார். அதே நாளின் மறுபக்கத்தைப் பின்னர் பிறர்வழி அறிந்தபோது நாணினோம். கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

ஒருவர்மீது தீர்ப்பிட நா எழும்போதெல்லாம், இதில் நாம் கண்டது எவ்வளவு, நிரப்பியது எவ்வளவு என்று நம்மையே வினவிக்கொள்வோம். எதிர்ப்பக்கத்தில் நின்றவரையும் அழைத்துக் கேட்போம்.