கேட்பவருக்கும் ஒரு வீடு உண்டு



அண்மையில் ஒரு மாலை ஒலுவிலில் நண்பர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் இருந்தேன். அவருடைய மகன் பழைய தொலைக்காட்சிப் பேட்டியொன்றைக் கைத்தொலைபேசியில் போட்டுக் காட்டினான். பேட்டி காண்பவர் விடாமல் கேட்கிறார், எதிரே இருப்பவர் திணறுகிறார், நாங்கள் சிரிக்கிறோம். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த நண்பரின் உம்மா மட்டும் சிரிக்கவில்லை. “ஏன் மகன், கேக்கிற இவருக்கு ஊட்டில ஒருத்தரும் இல்லையா?” என்றார்.

அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

நாங்கள் பார்த்தது கரண் தாப்பர் கண்ட பேட்டி. இந்தியாவில் அவர் பெயரைக் கேட்டு அரசியல்வாதிகள் தயங்கிய காலம் ஒன்று இருந்தது. 2004 ஆம் ஆண்டில், அப்போது தமிழ்நாட்டு முதலமைச்சராயிருந்த ஜெயலலிதா, பேட்டியின் முடிவில், உங்களோடு பேசியது மகிழ்ச்சியாக இல்லை என்று நேரிலேயே சொல்லிவிட்டு எழுந்தார். 2007 இல், அப்போது குஜராத் முதலமைச்சராயிருந்த நரேந்திர மோடி, 2002 ஆம் ஆண்டுக் கலவரம் பற்றிய கேள்விகள் எழுந்த சில நிமிடங்களிலேயே தண்ணீர் கேட்டு, பேட்டியையும் நிறுத்திவிட்டார்.

இரக்கமற்ற மனிதர் என்றுதான் பலரும் எண்ணினார்கள். ஆனால் 2018 இல் அவர் தம் வாழ்க்கை பற்றி எழுதிய நூல் வேறொரு மனிதரைக் காட்டியது. இலண்டனில் தொலைக்காட்சிப் பணியில் இருந்த காலத்தில், அவருடைய மனைவி மூளை அழற்சி நோயால் இளம் வயதிலேயே இறந்துபோனார். அதன் பின்னரே அவர் இந்தியா திரும்பினார். இன்னுமொன்று. அவருடைய தந்தை இந்தியத் தரைப்படையின் தளபதியாயிருந்தவர். 1962 இல் சீனாவுடனான போரில் ஏற்பட்ட தோல்வியை அடுத்துப் பதவி துறந்தவர். அப்போது மகனுக்கு வயது ஏழு. நாடே கேள்வி கேட்ட ஒரு தந்தையின் பிள்ளைதான் பிற்காலத்தில் நாட்டின் தலைவர்களைக் கேள்வி கேட்டார்.

இப்படியானால் திரையில் கண்ட கடுமையான முகம் பொய்யா? வீட்டில் மனைவியை எண்ணி அழுத முகம்தான் மெய்யா?

அவசரப்பட்டுத் தீர்ப்பளிக்க வேண்டாம். தன் பிள்ளையைக் காய்ச்சலோடு வீட்டில் விட்டு வந்த வைத்தியர், உங்கள் பிள்ளையிடம் சிரித்துப் பேசுகிறார். அவரை வேடதாரி என்பீர்களா? தன் துயரத்தைத் திரைக்குப் பின்னால் வைத்துவிட்டுக் கடமையைச் செய்வது பொய்யன்று. வீட்டுக்குக் கதவு வேண்டுவதுபோல மனத்துக்கும் ஒரு கதவு வேண்டும். கலவரத்தில் மாண்டவர்களைப் பற்றி ஆட்சியாளரிடம் கேட்பதும் கொடுமையன்று. அது கேட்டேயாக வேண்டிய கேள்வி.

ஆனால் திரை வேறு, முகமூடி வேறு. 1995 இல் இங்கிலாந்தின் இளவரசி டயானாவைப் பேட்டி கண்டு உலகப் புகழ் பெற்றார் மார்ட்டின் பஷீர். அந்தப் பேட்டிக்கு வழி தேடி, இளவரசியின் சகோதரரிடம் பொய்யாகத் தயாரித்த வங்கிக் கணக்குத் தாள்களை அவர் காட்டியிருந்தார். 2021 இல் முன்னாள் நீதிபதி டைசன் பிரபு நடத்திய விசாரணை இதை உறுதி செய்தது, பி.பி.சி. மன்னிப்புக் கேட்டது. கனிவான முகத்தோடு முன்னால் அமர்ந்தவர், நம்பிக்கையைக் களவாடி அங்கே வந்திருந்தார். இது முகமூடி.

இரண்டுக்கும் நடுவே நிற்பவர்களும் உண்டு. அமெரிக்காவின் பார்பரா வால்டர்ஸ் அரை நூற்றாண்டாகப் பிறருடைய அந்தரங்கத்தைக் கேட்டவர். 1999 இல் ஜனாதிபதி கிளின்டனோடு தொடர்பிருந்த இளம் பெண்ணிடம் அந்த உறவைப் பற்றி அவர் கேட்டதைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். அவரோ, 1970களில் மணமான செனட்டர் ஒருவரோடு தமக்கிருந்த உறவை 2008 வரை வெளியே சொல்லவில்லை. அந்த ஆண்டு எழுதிய சுயசரிதையில் அதைச் சொன்னார். மனவளர்ச்சி குன்றிய தம் அக்காவை நினைத்துச் சிறுவயதில் வெட்கப்பட்டதையும், அந்தக் குற்றவுணர்வு வாழ்நாளெல்லாம் தொடர்ந்ததையும் அதே நூலில் எழுதினார். தாம் தத்தெடுத்த மகளுக்கு அந்த அக்காவின் பெயரையே வைத்திருந்தார். தாம் மூடி வைத்த கதவைப் பிறரிடம் திறக்கச் சொன்னவர் அவர். அதற்காக அவரைக் கல்லெறிய என்னால் முடியவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

2005 ஆம் ஆண்டு. கடற்கோள் வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. நினைவு மலரொன்றுக்காக மக்களின் அனுபவங்களைச் சேகரிக்க, ஒலிப்பதிவுக் கருவியோடு இதே ஒலுவில் கரைக்கு வந்தேன். வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் தம் பேரப்பிள்ளையை இழந்தவர். அந்த வேளையில் உங்கள் மனம் எப்படியிருந்தது என்று கேட்டேன். அவர் பேசாதிருந்தார். நான் மறுபடியும் கேட்டேன். அப்போது சொன்னார்: “சேர், நீங்க கேட்டுப்போட்டுப் போயிருவீங்க. நான் சொல்லிப்போட்டு இஞ்சதானே இருக்கோணும்.”

கருவியை நிறுத்தினேன். அந்த வருடம் என் வீட்டிலும் ஒரு சாவு நடந்திருந்தது. அதைப் பற்றி யாராவது கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். எனக்கு வைத்துக்கொண்ட அந்தச் சலுகையை அவருக்குக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

வாசகரே, பேட்டி காண்பவர்கள் தொலைக்காட்சியில் மட்டுமா இருக்கிறார்கள்? சாவு வீட்டிலும் ஆஸ்பத்திரி வாட்டிலும் நாமும் கேட்கிறோம். மகளுக்கு ஏன் இன்னும் சரிவரவில்லை? பிள்ளை ஏன் இல்லை? கட்டாருக்குப் போன மகன் காசு அனுப்புகிறானா? கேட்டுவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடுகிறோம். பதில் சொன்னவர் அந்தப் பதிலோடு அங்கேயே இருக்கிறார்.

கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேட்காமலே போவது சில வேளைகளில் அதைவிடப் பெரிய கொடுமை. கேட்குமுன் ஒரு கணம் நின்று, இதையே என்னிடம் கேட்டால் நான் சொல்வேனா என்று நம்மையே கேட்டுக்கொண்டால் போதும். சொல்வேன் என்றால் கேளுங்கள்; கேட்டபின் பதிலைக் கேட்க அங்கே சற்று இருங்கள்.

அந்த முதியவரிடம் மறுநாள் மீண்டும் போனேன். கருவியைக் கொண்டுபோகவில்லை. பக்கத்தில் இருந்து வலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். நெடுநேரம் கழித்து, நான் கேளாமலே, பேரப்பிள்ளையின் பெயரைச் சொன்னார்.