பாறைக்கு வேலி ஏது?

உங்கள் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டு, எண்ணூறு அடியில் தண்ணீர் கண்டீர்கள். மறு வருஷம் பக்கத்துத் தோட்டத்து விதவையின் அறுபதடிக் கிணறு வறண்டுவிட்டது. நீங்கள் திருடினீர்களா?

சட்டத்தைக் கேட்டால் இல்லை என்னும். திட்டமான கால்வழியில் ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ள, 1882-ம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் நிலச் சொந்தக்காரனுக்கு இடங்கொடுக்கிறது. ஆனால் தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடும்பாறை. அதன் வெடிப்புகளில்தான் நீர் தங்குகிறது. ஆழம் போகப் போக வெடிப்புகள் குறுகும். ஆகவே பல இடங்களில், மேலே தங்கிய நீரே நம் குழாய்க்கு இறங்கி வருகிறது. பம்புசெட்டுக்கு மின்சாரமோ இலவசம். நிறுத்த மனம் வருமா?

கடன் வாங்கித் துளை போட்டவனைத் திட்டுவது சுலபம். அவனுக்கும் பிள்ளை குட்டிகள் உண்டு. ஆயினும் அந்த விதவை இரண்டு மணி நேரத் தண்ணீர் கேட்டு வந்தால், அதைத் தருமக் கணக்கில் எழுதாதீர்கள். திருப்பிக் கொடுக்கும் கணக்கில் எழுதுங்கள்.

2003-ல் நம் சட்டசபை நிலத்தடி நீருக்கென்று ஒரு சட்டம் இயற்றியது. அமலுக்கு வராமலே அது 2013-ல் ரத்தாயிற்று. மஹாராஷ்டிரத்து ஹிவ்ரே பஜார் கிராமத்தார் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாதென்று தாங்களே கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். கரும்பையும் வாழையையும் விலக்கினார்கள். வருஷந்தோறும் பெய்த மழையை அளந்து, குடிக்கவும் கால்நடைக்கும் ஒதுக்கிய பிறகே பயிருக்குக் கணக்குப் பார்க்கிறார்கள். மழை குறைந்த வருஷத்தில், அதிக நீர் கேட்கும் பயிரை ஊரே விட்டுவிடுகிறது.